ஈயப் பெல்ட் பிறந்த கதை

திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. எந்தத் திசையில் புறப்பட்டாலும் உப்புக்காற்று முகத்தில் பட நூறு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். ஆறு என்று சொல்லிக்கொள்ளக் குடகனாறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் தண்ணீரைத் தேடத்தான் வேண்டும். ஆனாலும் நீச்சல் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை. வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் பாறையை உடைத்து இறக்கிய தோட்டத்துக் கிணறுகள். கமலை ஓடிய காலத்திலும் சரி, மோட்டார் வந்த பிறகும் சரி, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு அவைதான் நீச்சல்குளம்.

கற்றுக்கொடுக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டுவார்கள். குடுக்கை கிடைக்காத வீட்டில் கல்யாண முருங்கைக் கட்டை. அடுத்த தலைமுறைக்கு மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன், லாரி டியூப். இடுப்பில் ஒரு கயிற்றையும் போட்டு, மாமாவோ சித்தப்பாவோ படியிலிருந்து தள்ளிவிடுவார். கை கால் அடித்துப் பழகியதும் குடுக்கை கழன்றுவிடும்.

மிதக்கத் தெரிந்துவிட்டால் போதாது. கிணற்றின் அடிமண்ணை ஒரு கை அள்ளி வந்து காட்டினால்தான் ஆள் என்று ஒப்புக்கொள்வார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு குதித்தால் உடம்பு பாதி ஆழத்திலேயே திரும்பி வரும். மோட்டார் குழாயைப் பிடித்துத் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொள்வான் ஒருவன். கனமான கல்லை நெஞ்சோடு அணைத்தபடி குதிப்பான் இன்னொருவன். மேலே வர ஒரு கருவி, கீழே போக ஒரு கருவி. இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எவனுக்கும் தோன்றாது. தோன்றினாலும் பெரியவர்கள் சிரித்திருப்பார்கள்.

இன்று புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்கப் போகிறவரின் உடம்பில் சரியாக அதைத்தான் செய்கிறார்கள். இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட். மேலே காற்றை நிரப்பவும் விடவும் முடிகிற ஒரு சட்டை; தொழிலில் அதற்கு பிசிடி என்று பெயர். பெல்ட் கல்லின் வாரிசு, சட்டை குடுக்கையின் வாரிசு. இரண்டும் ஒரே உடம்பில் வந்து சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. கல்லின் கதையில் நல்ல பகுதி நம்முடைய மன்னார் வளைகுடாவில் நடந்திருக்கிறது.

கொற்கை முத்து ரோமாபுரி வரைக்கும் போன பழம்பெருமையை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது முத்து அல்ல, அதை எடுக்கப் போனவரின் காலில் இருந்த கல். அதைப் பற்றிப் பெருமை பேசுவோர் குறைவு. நல்லவேளையாக, பார்த்து எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். 1797ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பை ஹென்றி லெ பெக் என்பவர் நேரில் பார்த்து எழுதினார். ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் அதே காட்சி விரிவாக வருகிறது. இலங்கையின் அரிப்பு, கொண்டச்சிக் கரையில் குளிப்புக் காலத்தில் ஒரு தற்காலிக நகரமே எழும்பும். இருகரைத் தமிழர்களும் முஸ்லிம்களும் பரதவர்களும் படகு படகாக வந்து சேர்வார்கள்.

படகுக்குப் பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள். ஐந்து பேர் இறங்குவார்கள், ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். கல் செந்நிறக் கருங்கல் வகை. கூம்பு வடிவம், மேலும் கீழும் உருட்டியது, சிறுத்த பக்கத்தில் கயிறு நுழைகிற அளவுக்குத் துளை. இறங்குகிறவர் வலதுகால் விரல்களால் கல்லின் கயிற்றைக் கவ்விக்கொள்வார். இடதுகால் விரல்களில் சிப்பி அள்ளும் வலைப்பை. ஒரு கையில் இன்னொரு கயிறு, மறு கையால் மூக்கை அடைத்துக்கொள்வது. கல் அவரை நேரே கீழே கொண்டுபோய்விடும். தரை தட்டியதும் காலைத் தளர்த்துவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்கிவிட்டுக் கையிலுள்ள கயிற்றை உலுக்கினால் ஆளையும் பையையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள். ஒரு நாளில் இதைப் பல முறை செய்ய வேண்டும். கல் இல்லாமல் கையால் நீந்தித்தான் இறங்க வேண்டும் என்றால், இருக்கிற ஒரு நிமிட மூச்சில் பாதி வழியிலேயே செலவாகிவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தரைக்குப் போன பிறகு கல் தேவைப்படவில்லையே, ஏன்? அவர் ஏன் குடுக்கைபோல மேலே எழும்பிவிடவில்லை? விடை நெஞ்சுக்குள்ளே. கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. மேலே 5 லிட்டர் மூச்சோடு கிளம்பியவரின் நுரையீரலில் அந்தக் காற்று பத்து மீட்டரில் இரண்டரை லிட்டராகச் சுருங்கிவிடும். அதாவது இரண்டரை கிலோ மிதப்பு காணாமல் போய்விட்டது. முத்துப்பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக (ஃபாதம்) ஆழத்தில் கிடந்தவை. அந்த ஆழத்தில் மனித உடம்பு தானாகவே தரையில் தங்கும். முதல் சில மீட்டரில் எதிர்க்கும் உடம்பைக் கடத்திவிடுவதும் நேரத்தை மிச்சம் பிடிப்பதும்தான் கல்லின் வேலை. வேலை முடிந்ததும் அது உடம்பை விட்டுப் போய்விட வேண்டும். அழுத்தமும் கொள்ளளவும் பற்றிய விதியை ராபர்ட் பாயில் 1662இல் அச்சிட்டார். நம் குளியாட்களுக்கு அந்த விதியின் பெயர் தெரியாது. எந்த இடத்தில் காலைத் தளர்த்த வேண்டும் என்பது தெரியும்.

முத்துக்குளிப்பு பற்றிய அந்த வருணனைகளில் போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. குளியாட்களில் சிலர் காலில் கல் வைத்துக்கொள்வதில்லை. பிறைநிலா வடிவில் செதுக்கிய ஒரு கல்லை வயிற்றோடு கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், அப்போது கால் இரண்டும் வேலைக்குக் கிடைக்கும் என்று. ஒற்றை வரிச் செய்திதான். ஆனால் இந்தக் கதையில் அதற்குத்தான் முதல் இடம் என்பேன். கருவியாகக் கையிலோ காலிலோ பிடித்திருந்த எடை, உடம்பின் வளைவுக்கு ஏற்ற வடிவம் எடுத்து, இடுப்புப் பக்கம் ஏறி, உடுப்பாகிவிட்டது. உலகத்தில் இதுதான் முதல் என்று சொல்ல நான் துணியமாட்டேன். மற்ற கடல்களிலும் யாராவது செய்திருக்கலாம். பிரான்சில் ஈயப் பெல்ட் கட்டிய ஆள் நீந்துவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் முன்னால் மன்னார்க் கடலில் எடையை வயிற்றில் கட்டினார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது.

பிறைக்கல்லுக்கு ஒரு குறை உண்டு. காலைத் தளர்த்தினால் கூம்புக்கல் போய்விடும். கட்டிய கல்லை அவசரத்தில் அவிழ்ப்பது அவ்வளவு எளிதல்ல. இன்றைய ஈயப் பெல்ட்டில் ஒரே இழுப்பில் ஒரு கையால் திறக்கிற பக்கிள் வைத்திருக்கிறார்களே, அது எதற்கு என்று புரியாத மாணவர்களுக்கு நான் இந்த இரண்டு கற்களையும் சொல்வேன். இடுப்பில் இருக்க வேண்டும், வேண்டாதபோது நொடியில் விழவும் வேண்டும்.

கிரேக்கர்களிடமும் கல் இருந்தது. ஸ்பாஞ்சு எடுக்கப் போனவர்கள் தட்டையான கல்லைக் கையில் பிடித்து, அதைச் சாய்த்துச் சாய்த்துத் திசை திருப்பியபடி இறங்கினார்கள். 1913இல் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று கடலில் இழந்த நங்கூரத்தைத் தேடி ஸ்தாதிஸ் ஹாட்ஸிஸ் என்ற சிமித் தீவுக்காரர் அப்படி ஒரு கல்லோடு எழுபது மீட்டருக்கும் கீழே போய் வந்ததை இன்றும் பேசுகிறார்கள்.

கல் ஏன் ஈயமாக மாறியது என்பதைத் திண்டுக்கல்லிலேயே நிறுத்துப் பார்த்துவிடலாம். மலைக்கோட்டைப் பாறையில் பெயர்ந்த ஒரு கிலோ துண்டு, ஒரு கிலோவுக்கு நம் ஊர்ப் பூட்டு, ஒரு கிலோ ஈயம். மூன்றையும் நூலில் கட்டித் தொங்குதராசில் மாட்டி, அப்படியே வாளித் தண்ணீருக்குள் இறக்குங்கள். பாறைத்துண்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை இழந்து 630 கிராம் காட்டும். இரும்புப் பூட்டு எட்டில் ஒரு பங்கை இழக்கும். ஈயம் பதினொன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இழக்கும்; தண்ணீருக்குள்ளும் 910 கிராம் நிற்கும். எந்தப் பொருளும் தான் ஒதுக்கிய தண்ணீரின் எடையளவுக்குத்தான் இலேசாகும் என்று சிராகூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சொன்னது இதுதான். சின்ன இடத்தில் நிறையக் கனம், துருப்பிடிக்காது, விறகடுப்பில் உருக்கி எந்த வடிவத்திலும் வார்க்கலாம். வலைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோப்பது பழைய வழக்கம். ஈயம் நச்சு உலோகம் என்பதால் இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் பூச்சு போட்ட கட்டிகளைக் கொடுக்கிறார்கள். பூச்சில்லாத கட்டியைத் தொட்டால் சாப்பிடும் முன் கையைக் கழுவிவிடுங்கள்.

இனிக் குடுக்கையின் கிளை. அசீரிய அரண்மனைச் சிற்பங்களில், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில், வீரர்கள் ஊதிய ஆட்டுத்தோலை அணைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார்கள். தோல் பைக்கும் நம் சுரைக்குடுக்கைக்கும் வேலை ஒன்றே. ஆனால் குடுக்கைக்குள் இருக்கும் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மீனுக்கு அது முடியும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைக் கொண்டு அது எந்த ஆழத்திலும் அசையாமல் நிற்கும். இதைக் கவனித்த ஜொவான்னி பொரெல்லி என்ற இத்தாலியர், விலங்குகளின் அசைவு பற்றி எழுதி 1680இல் வெளிவந்த நூலில் ஒரு முக்குளிப்பவரை வரைந்தார். அவருடைய உடம்போடு சேர்ந்து ஓர் உருளை, அதற்குள் பிஸ்டன். தள்ளினால் ஒரு கொள்ளளவு, இழுத்தால் ஒரு கொள்ளளவு. அதைக் கொண்டு ஏறலாம், இறங்கலாம். அந்தச் சாதனம் வேலை செய்திருக்காது. யோசனை மட்டும் தன் காலத்துக்கு முந்நூறு ஆண்டு முன்னால் பிறந்துவிட்டது.

நடுவில் வந்த தலைக்கவச டைவர்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1837இல் லண்டனில் அகஸ்டஸ் சீப் செய்த மூடிய உடுப்பு, செம்புத் தலைக்கவசம், நெஞ்சிலும் முதுகிலும் ஈயம், காலணியின் அடியிலும் ஈயம். இரும்புப் பெட்டிக்குக் கால் முளைத்ததுபோல அவர்கள் கடலடியில் நடந்தார்கள். மூழ்கிய ராயல் ஜார்ஜ் கப்பலை உடைத்து அகற்றும் வேலையில் 1839 முதல் இந்த உடுப்பு தன் திறமையைக் காட்டியது. உடுப்புக்குள் வரும் காற்றை வால்வால் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் எடையும் காற்றும் முதன்முதலில் ஒரே உடம்பில் சந்தித்தன. சந்தித்தன என்றுதான் சொல்ல முடியும், சமாதானம் ஆகவில்லை. வால்வைத் திறக்க மறந்தால் உடுப்பு ஊதி, ஆள் கட்டுப்பாடில்லாமல் மேலே பாய்ந்துவிடுவார். அவர்களுடைய இலக்கு தரையில் நிற்பதுதான். தண்ணீரின் நடுவில் நிற்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

அந்த ஆசையைக் கிளப்பியது 1943. பாரிஸில் வாயுக் கம்பெனிப் பொறியாளர் எமில் கான்யான், போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காக ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அதைக் கேட்டு வந்தார். இருவரும் அதை மூச்சுக்கருவியாக்கினார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று வரும். மேலேயிருந்து குழாய் இல்லை, கனத்த காலணி இல்லை, கால்களில் துடுப்பு. நிற்க வேண்டிய மனிதன் பறக்க ஆரம்பித்தான். பறக்கிறவனுக்கு எடை வேறு மாதிரி வேண்டும். கீழே இழுத்துப்போகவும் கூடாது, மேலே விடவும் கூடாது. கல்லுக்கும் ஈயக் காலணிக்கும் 'போதுமான அளவு' என்றால் போதும்; இங்கே 'சரியான அளவு' வேண்டும். துண்டு துண்டாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஈயப் பெல்ட் அந்தத் தேவையில்தான் நிலைபெற்றது. மத்தியதரைக் கடலின் வெதுவெதுப்பில் வெற்றுடம்பில் நீந்தியவர்களுக்கு அது ஏறக்குறையப் போதுமானதாகவும் இருந்தது.

கெடுத்தது குளிர். 1952இல் கலிஃபோர்னியாவில் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர், ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார்: டைவரின் உடம்பு ஏன் நனையாமல் இருக்க வேண்டும்? நனையட்டும், உடுப்பில் நுண்ணிய குமிழ்கள் இருந்தால் அவை வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். அப்படி வந்ததுதான் நியோப்ரீன் வெட்சூட். குளிர் போயிற்று. கூடவே ஆயிரக்கணக்கான குட்டிக் குடுக்கைகளை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டாயிற்று. மேற்பரப்பில் அவை கிலோக்கணக்கில் மேலே இழுக்கும். அதை அடக்க ஈயம் கட்டினால், பத்து மீட்டருக்குக் கீழே குமிழ்கள் நசுங்கி மிதப்பு போய், கட்டிய ஈயம் அதிகமாகிவிடும். மேலே சரியான எடை கீழே தவறு. கீழே சரியான எடையைக் கட்டினால் மேலேயிருந்து இறங்கவே முடியாது. பாயில் விதி வெட்சூட்டின் வடிவில் வட்டியோடு திரும்பி வந்தது.

இதைச் சமாளிக்க ஆளாளுக்கு ஒரு வழி பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது ஃபுளோரிடாவில் தண்ணீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைகளுக்குள் போனவர்களின் வழி. துணி வெளுக்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் குடுவையைக் காலி செய்து உடம்போடு கட்டிக்கொண்டார்கள்; வாய் கீழ்நோக்கி இருக்கும், உள்ளே மூச்சுக்காற்றை விட்டால் தூக்கும், சாய்த்தால் காற்று வெளியேறும். வேடசந்தூர்க் கிணற்றுக் கேனுக்கும் இதற்கும் வித்தியாசம் மூடி மட்டும்தான். மூடியைக் கழற்றியதால் குடுக்கைக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்துவிட்டது.

1961இல் பிரான்சில் மோரிஸ் ஃபென்ஸி இதை ஒழுங்கான பொருளாக்கினார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஊதுபை, அதை நிரப்பத் தனியாக ஒரு சிறு காற்றுக்குப்பி. குதிரையின் கழுத்துப்பட்டை வடிவம் என்பதால் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். 1970களில் அது கைநுழைக்கும் சட்டையாகி, முதுகுச் சிலிண்டரிலிருந்தே குழாய் வழியாகக் காற்றுப் பெற்று, ஒரு பொத்தானால் நிரம்பவும் இன்னொன்றால் வடியவும் கற்றது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. சட்டை வந்ததும் ஈயத்தைப் பற்றிய அக்கறை போயிற்று. கொஞ்சம் அதிகமாகக் கட்டினால் என்ன, சட்டையில் காற்றை ஊதிச் சரிக்கட்டிவிடலாமே என்ற சோம்பேறித்தனம் புகுந்தது. புதிதாகக் கற்கிறவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இதிலிருந்து வருவது என்பது என் கட்சி. கணக்கைப் பாருங்கள். தேவைக்கு மேல் 4 கிலோ ஈயம் கட்டியிருக்கிறார் ஒருவர். பத்து மீட்டரில் அதைச் சமன்செய்யச் சட்டையில் 4 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். அவர் சற்று மேலே எழும்பினால் அந்தக் காற்று விரியும். விரிந்தால் இன்னும் எழும்புவார். மேற்பரப்பை அடையும்போது அது 8 லிட்டர். பயந்து காற்றை விட்டால் கூடுதல் ஈயம் கீழே இழுக்கும். அந்த 4 கிலோ இல்லாமல் இறங்கியவருக்கு இந்த ஆட்டத்தில் பெரும்பகுதி கிடையாது. அதிக ஈயம் ஆளை உறுதியாக வைத்திருக்கும் என்று தோன்றும். உண்மையில் ஊசலாட வைப்பது அதுதான். கால் பக்கம் தாழ்ந்து, துடுப்பு மணலைக் கிளப்பி, பவளத்தை உடைத்து, காற்றையும் வேகமாகத் தின்றுவிடும்.

அப்படியானால் ஏன் அதிகமாகக் கட்டுகிறார்கள்? முதல் நாள் மாணவர் மூழ்கமாட்டார். அவருக்கு எடை குறைவு என்பது அரிதான காரணம். பயத்தில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்து வைத்திருப்பார். முழுமூச்சுக்கும் நன்றாக விட்ட மூச்சுக்கும் இடையே நான்கு லிட்டர் வரை வித்தியாசம், அதாவது நான்கு கிலோ மிதப்பு. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டிருக்கும். நிமிர்ந்த உடம்பில் உதைத்தால் மேலேதான் போவார். புது உடுப்பின் மடிப்புகளில் காற்று சிக்கியிருக்கும். இவற்றைச் சரிசெய்யப் பத்து நிமிடமாவது பிடிக்கும். பெல்ட்டில் இரண்டு கட்டியைக் கூடுதலாகக் கோக்க அரை நிமிடம் போதும். படகில் அடுத்த குழு காத்திருக்கிறது. அரை நிமிடம் ஜெயிக்கிறது. அன்று அவருக்குக் கட்டிய எண், 'எனக்கு இத்தனை கிலோ' என்று மனதில் பதிந்து ஆண்டுக்கணக்கில் கூட வரும்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு ஈயம் என்று ஒரு சூத்திரம் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது குளிர்நாட்டில் தடித்த உடுப்புப் போடுகிறவர்களுக்குப் பிறந்த சூத்திரம். நம் கடல் பெரும்பாலும் 27, 28 டிகிரியில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் உடுப்பே இங்கு தாராளம். ஒல்லியான 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ ஈயம் கட்டினால் அவர் திரும்பவும் கூம்புக்கல் காலத்துக்குப் போய்விடுவார்.

சரியான எடையைக் கண்டுபிடிக்கும் வழி பழையது, எளியது. எல்லாக் கருவிகளையும் மாட்டிக்கொண்டு, ஆள் நிலைக்காத தண்ணீரில், சட்டையின் காற்றை முழுக்க வடித்துவிட்டு, காலை அசைக்காமல், சாதாரண மூச்சோடு நில்லுங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெதுவாக மூழ்க வேண்டும். மூச்சை விடுவதற்கு முன்பே மூழ்கினால் ஒரு கட்டியைக் கழற்றுங்கள். மூச்சை முழுக்க விட்ட பிறகும் தலை வெளியே நின்றால் ஒன்றைச் சேருங்கள். ஒவ்வொன்றாக, ஒரு கிலோவுக்கு மேல் மாற்றாமல்.

இதில் ஒரு பொறி உண்டு. காற்றுக்கு எடை உண்டு என்பதை யாரும் நம்புவதில்லை; வழக்கமான அலுமினிய சிலிண்டரில் அடைத்திருக்கும் காற்று ஏறத்தாழ 2.7 கிலோ. மூச்சாக அது குமிழ்விட்டு வெளியேற வெளியேற நீங்கள் இலேசாகிக்கொண்டே வருவீர்கள். முழு சிலிண்டரோடு கண்மட்டத்தில் நின்றவர், திரும்பும்போது பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல் மேலே போய்விடுவார். எடை குறைந்தாலும் ஆபத்துத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே சோதனையை டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தத்தில் காற்று மிச்சமிருக்கும்போது செய்வது நல்லது. முழு சிலிண்டரோடு செய்தால் கிடைத்த எண்ணோடு 2 கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நன்னீரில் பார்த்த எண் கடலுக்கு ஆகாது. உப்புநீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு அடர்த்தி கூடியது. ஆளும் கருவியும் சேர்ந்து நூறு கிலோவை நெருங்கும் என்பதால், நீச்சல்குளத்தில் சரியாக இருந்தவருக்குக் கடலில் 2 கிலோவுக்கு மேல் கூடுதலாக வேண்டியிருக்கும். உடுப்பு மாறினால், சிலிண்டர் இரும்பாக மாறினால், உடம்பு இளைத்தால் அல்லது பெருத்தால், மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டியதுதான். எண்ணைக் குறித்து வையுங்கள், எந்தத் தண்ணீர், எந்த உடுப்பு, எந்த சிலிண்டர் என்பதையும் சேர்த்து.

எடை சரியாக அமைந்துவிட்டால், சட்டையின் பொத்தானைத் தொடும் வேலை குறைந்துவிடும். மீதியை மூச்சு பார்த்துக்கொள்ளும். மெல்ல இழுத்தால் சற்று நேரம் கழித்து அரையடி எழும்புவீர்கள். மெல்ல விட்டால் அரையடி தாழ்வீர்கள். அந்தத் தாமதத்துக்குப் பொறுமையாகப் பழகுவதுதான் பயிற்சி. ஒன்று மட்டும் கண்டிப்பு: ஸ்கூபாவில் மூச்சைப் பிடித்து நிறுத்தக் கூடாது, அழுத்தக் காற்றோடு மேலே எழும்பினால் நுரையீரல் கிழியும். கிணற்றில் கற்ற பழக்கம் இங்கே எதிரி. அந்த ஒரு பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. ராமேஸ்வரம், புதுச்சேரி என்று டைவ் முடித்துவிட்டு அன்றிரவே வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் திட்டம் போடாதீர்கள். டைவ் முடித்த கையோடு பறக்கக் கூடாது; 2100 மீட்டர் உயரம் விமானத்தில் பறப்பதற்குச் சமம். பல டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் திண்டுக்கல்லிலேயே தங்கிப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

முதல் டைவுக்குப் போகும்போது 'எத்தனை கிலோ வேண்டும்?' என்று கேட்பார்கள். நீங்களும் எண் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லும் எண்ணையும் அப்படியே வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். இறங்கும் முன் தண்ணீரில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். நீங்கள் கட்டிய பணத்தில் அதுவும் சேர்த்திதான்.